பாண்டிசெல்வி குழுவிலிருந்து வெளியேறினார்

அத்தியாயம் நான்கு

இன்ஜினியரிங் மேத்ஸ் மூன்றாம் தாளில் நான்கு தடவை மண்ணைக் கவ்வியவன் பிரேம்குமார். அந்தப் பரீட்சைக்கான தன்னுடைய பதிவு எண்ணை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார்வளாகத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, சம்பந்தமே இல்லாத ஓர் இணையப் பக்கத்தில் அடித்துப் பார்த்தான். சக்கரம் ஒரு சுற்று சுற்றியது. பச்சை நிறத்தில் பெரிய டிக் ஒன்று வந்து உட்கார்ந்தது.

'பாஸ். கிருமிநீக்கம் செய்யப்பட்டது.'

"அக்கா, பாஸாயிட்டேன்" என்றான். "கிருமியும் போயிருச்சாம்."

"சந்தோசம். வேற எதையாவது போடு" என்றாள் ஜெயசித்ரா.

பைக் நம்பரைப் போட்டான். பாஸ். 'நாய்' என்று அடித்தான். நாயும் பாஸ். கடைசியில் ஒன்றுமே அடிக்காமல், காலிப் பெட்டியோடு பொத்தானை அமுக்கினான். வெறுமையும் முறைப்படி கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தது.

சிரிக்கவேண்டிய இடம்தான். ஆனால் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சத்யப்பிரியா சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தை எழுதியவளே அவள்தான்.

கூமாப்பட்டிப் பெண். படித்து முடித்து, பெங்களூருக்குப் போகாமல், இந்த அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுற்றுவட்டாரக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்துகொடுப்பவள். ராஜபாளையத்தில் 'சௌந்தரம் சர்ஜிக்கல்ஸ்' என்ற பேண்டேஜ் கம்பெனிக்கும் அவள்தான் செய்தாள். கம்பெனி அனுப்பும் ஒவ்வொரு கட்டுத்துணிப் பாக்கெட்டிலும் ஒரு எண் இருக்கும். ஆஸ்பத்திரி நர்ஸ் அந்த எண்ணை இந்தப் பக்கத்தில் அடித்தால், அந்தத் துணி கிருமிநீக்கம் ஆனதா இல்லையா என்று பக்கம் சொல்லவேண்டும். பக்கம் சொல்லத்தான் செய்தது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றது.

போன வாரம் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில், ஆபரேஷன் செய்து பிள்ளை பெற்ற மூன்று பெண்களுக்குத் தையல் சீழ்வைத்தது. ஒருத்தி இன்னும் ஐசியுவில் கிடக்கிறாள். ஆஸ்பத்திரி கேட்டதற்குக் கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன் கையை விரித்துவிட்டார். அந்த மாலுக்குச் சோதனையே நடக்கவில்லை, நடந்ததாகப் பொய் சொன்னது வெப்சைட், வெப்சைட்டைப் போட்டது அந்தப் பெண். போலீசில் புகாரும் கொடுத்தாயிற்று. நேற்று வந்து சத்யப்பிரியாவின் மடிக்கணினியையும் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். போனால் திரும்பி வருவாளா என்பதுதான் கேள்வி.

"அது டெமோ அக்கா" என்றாள் சத்யப்பிரியா, பத்தாவது தடவையாக. "முதலாளிக்குக் காட்டுறதுக்காக, எதைப் போட்டாலும் பாஸ்னு வார மாதிரி வச்சிருந்தேன். உள்ள உண்மையான லேப் ரிசல்ட்டைச் சேக்கணும். அதை அவிய தரவே இல்ல. பக்கத்துத் தலையில பெருசா 'டெமோ, உண்மையான முடிவு அல்ல'ன்னு எழுதிதான் வச்சிருந்தேன்."

"பொறவு எப்படி அது ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு?"

"தை மாசம் முகூர்த்த நாள் பாத்துட்டாரு. வெப்சைட்டுக்குத் திறப்பு விழா. இன்னும் ரெடியாகல சார்னேன். நாள் குறிச்சாச்சு, பந்தல்காரனுக்கும் சொல்லியாச்சு, இருக்கிறதைத் திறப்போம்னாரு. என் லேப்டாப்புக்குச் சந்தனம் வச்சு, மாலை போட்டு, தேங்காய் உடைச்சு..."

"லேப்டாப் மேலயா?"

"பக்கத்துல. ஆனா தண்ணி தெறிச்சிச்சு."

பிரேம்குமார் மெச்சுதலாகத் தலையை ஆட்டினான். உலகத்தில் எத்தனையோ வெப்சைட் தயாரான பிறகு திறக்கப்படுகிறது. தயாராகும்வரை முகூர்த்தம் காத்திருக்காது என்று திறக்கப்பட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"டெமோன்னு இருந்த வார்த்தை இப்ப இல்லையே. யாரு எடுத்தா?" என்று கேட்டாள் ஜெயசித்ரா.

சத்யப்பிரியா சார்ஜர் வயரை விரலில் சுற்றினாள். "மாசி கடைசில பாஸ்வேர்டு எல்லாத்தையும் மாத்திட்டு என்னைய வெளிய போட்டுட்டாங்க. அதுக்குப் பொறவு அவங்கதான் எடுத்திருக்கணும்."

ஜெயசித்ரா அந்த விரலைப் பார்த்தாள். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் நடத்துகிறவள் அவள். முக்கால்வாசி வேலை மாப்பிள்ளை விசாரணை. அதனால் ஒருவர் சொல்லும் பதிலைவிட, சொல்லும்போது கை என்ன செய்கிறது என்பதைப் பார்க்கும் பழக்கம் அவளுக்கு உண்டு. அவளுடைய ஒரே ஊழியனான பிரேம்குமாருக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. சம்பளமும்தான்.

"ஏலே, பழைய பக்கம் எங்கயாச்சும் கிடைக்குமா? பழைய வெப்சைட்டையெல்லாம் சேத்து வைக்கிற எடம் ஒண்ணு இருக்குன்னு சொல்லுவியே?"

"பாத்துட்டேன் அக்கா. உலகத்துல உள்ள குப்பையெல்லாம் சேத்து வச்சிருக்கான், இதை மட்டும் விட்டுட்டான். நமக்குன்னு வந்தா அவனும் ரேசன் கடைதான்."

"முதலாளியோட நீ பேசுன மெசேஜ்?"

"அவிய போன்ல ஒரு வாரத்துல தானா அழியுற மாதிரி வச்சிருந்தாங்க" என்றாள் சத்யப்பிரியா.

அப்போதுதான் பிரேம்குமாருக்கு, நான்கு வருஷக் கல்லூரி வாழ்க்கையில் வராத யோசனை ஒன்று வந்தது.

"திறப்பு விழா அன்னைக்கு லிங்க்கை யாருக்காச்சும் அனுப்புனாரா?"

"சொந்தக்காரங்க குரூப் ஒண்ணு இருந்துச்சு, விழாவுக்குன்னே ஆரம்பிச்சது. ஐயர் தேங்காய் உடைச்ச கையோட முதலாளி அதுல போட்டாரு."

"அக்கா!" பிரேம்குமார் எழுந்தே விட்டான். "வாட்ஸப்புல லிங்க் போட்டா கீழ சின்ன அட்டை மாதிரி வரும்லா, தலைப்பும் படமுமா? அது போட்ட நிமிசத்துல பக்கம் எப்படி இருந்துச்சோ, அதைப் புடிச்சு வச்சிக்கிடும். பொறவு பக்கத்தை எம்புட்டு மாத்துனாலும் அந்த அட்டை மாறாது. அந்த குரூப்பு யாரு போன்லயாவது இருந்தா, அதுல டெமோங்கிற வார்த்தை இன்னும் இருக்கும்!"

ஜெயசித்ரா முதல் தடவையாக அவனைச் சம்பளத்துக்குத் தகுதியானவன்போலப் பார்த்தாள். பிறகு சத்யப்பிரியாவைப் பார்த்தாள். கழுத்துக்கு வந்த கத்தி விலகப்போகிறது என்று கேட்டவளின் முகம் மலரவேண்டும். சத்யப்பிரியாவின் முகம் அப்படி ஒன்றும் மலரவில்லை.

"கிடைக்கும்னு நெனைக்கிறீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

* * *

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கத்தில் எட்வினுடைய ஸ்டுடியோ. திறப்பு விழாவுக்கு போட்டோவும் வீடியோவும் எடுத்தது அவன். ஜெயசித்ராவின் ஸ்கூட்டி போய் நின்றபோது, ஒரு மணப்பெண்ணின் முகத்திலிருந்த பருக்களைக் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.

"அந்த குரூப்பா? போன வாரமே மொதலாளி எல்லாருக்கும் போன் போட்டுட்டாரு. அதுல வைரஸ் வந்துருச்சு, உடனே அழிச்சிருங்கன்னு. எனக்கும் சொன்னாரு. நான் போட்டோக்காரன், என் போன்ல எதுதான் தங்குது? அவரு சொல்லுறதுக்கு முன்னாடியே அழிச்சிட்டேன்."

"வீடியோ?"

"அதையும் அவிய மருமகன் வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. இருந்தாலும் உங்களுக்குப் பிரயோசனம் இல்லக்கா. லேப்டாப்புல சந்தனத்தை ஸ்கிரீன் மேலயே அப்பிட்டாங்க. எழுத்து எங்க தெரியுது?"

பிரேம்குமாருடைய உற்சாகம் பஞ்சரானது. "சொந்தக்காரன் அம்புட்டு பேரும் அழிச்சிட்டான்னா போச்சு. நம்ம ஊர்ல ஒரு பேச்சுக்கு இம்புட்டு ஒத்துமையா நடந்து நான் பாத்ததே இல்ல."

ஜெயசித்ரா அதைக் காதில் வாங்கவில்லை. எட்வின் கொடுத்த டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, விழால கோவிச்சுக்கிட்டுப் போனது யாரு?"

எட்வின் கையிலிருந்த மவுஸ் நின்றது. "உங்களுக்கு யாருக்கா சொன்னது?"

"யாரும் சொல்லல. விசேசம்னு ஒண்ணு நடந்தா ரெண்டு பேரு கட்டாயம் உண்டு. மொதப் பந்தில உக்காருதவன் ஒருத்தன், மூஞ்சியத் தூக்கிக்கிட்டுப் போறவ ஒருத்தி. மொத ஆளு எல்லாத்தையும் மறந்துருவான். ரெண்டாவது ஆளு ஒண்ணையும் மறக்காது. யாரு?"

எட்வின் சிரித்தபடி ஒரு குடும்பப் படத்தைத் திறந்தான். மேடையில் இருபது பேர். நடுவில் மாலை போட்ட மடிக்கணினி, மாப்பிள்ளை மாதிரி. இடது ஓரத்தில் ஒரு வாழைமரம், சொந்தக்காரர்களில் ஒருவர்போல, மேடைமேலேயே நின்றது.

"இங்க வாழைமரம் எதுக்கு?" என்றான் பிரேம்குமார்.

"அது வாழைமரம் இல்ல, மொதலாளி தங்கச்சி. ஆல்பம் போடுற நேரத்துல, அவிய இருந்தா சரிவராது, எடுத்துருன்னாங்க. எடுத்தா எடம் காலியா நின்னுச்சு. வாசல்ல இருந்த வாழையைக் கொண்டாந்து வச்சேன்."

"என்ன சண்டை?"

"கூடப் பொறந்தவ இருக்கையில, பொண்டாட்டியோட தங்கச்சியக் குத்துவிளக்கு ஏத்த விட்டுட்டாரு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டாங்க. ரெண்டாம் பந்தில கொண்டுபோய் உக்கார வச்சிட்டாங்க. சாப்பிட்டு முடிச்சு, கையக் கழுவிட்டு, குரூப்ப விட்டு வெளிய போயிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் பேச்சு கிடையாது."

ஜெயசித்ரா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "பேச்சு இல்லாத தங்கச்சிக்கு, குரூப்ப அழின்னு அண்ணன் எப்படிப் போன் போட்டிருப்பாரு? ஏலே, கிளம்பு. பேரு என்ன தம்பி?"

"பாண்டிசெல்வி. முடங்கியார் ரோடு. வீட்டுல வெள்ளை நாய் ஒண்ணு கிடக்கும், பாத்துப் போங்க."

* * *

நாய் கிடந்தது. ராஜபாளையத்து நாய்களுக்கு உலகப் புகழ் உண்டு என்பது அதற்கும் தெரிந்திருந்தது. பிரேம்குமாரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இவனெல்லாம் குரைப்பதற்கு லாயக்கில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பாண்டிசெல்விக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்குத்தி மின்ன, வாசற்படியிலேயே நின்று கேட்டார்.

"யாரு? எம்மகனுக்குப் பொண்ணு வீட்டுல இருந்து விசாரிக்க வந்தியளா?"

"இல்லம்மா. அந்த வேலையும் பாக்கேன்தான். இன்னைக்கு வந்தது வேற" என்றாள் ஜெயசித்ரா. "சௌந்தரம் சர்ஜிக்கல்ஸ் விசயமா."

முகம் கதவைப்போலச் சாத்திக்கொண்டது. "அதெல்லாம் எங்கண்ணன் பாடு. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல. ஆனா கோவம் வேற, காட்டிக் குடுக்கிறது வேற. நீங்க போயிட்டு வாங்க."

பிரேம்குமார் திரும்பியே விட்டான். ஜெயசித்ரா மட்டும், செருப்பை மாட்டுகிறவள்போலக் குனிந்து, போகிற போக்கில் சொன்னாள்.

"சரிம்மா. உங்கண்ணன் உங்களை குரூப்புல இருந்து தூக்கி எறிஞ்சிட்டாராமே, அதான் ஒரு ஆறுதலுக்காச்சும் பேசிட்டுப் போவோம்னு..."

"யாரு?" பாண்டிசெல்வியின் குரல் தெருக்கோடிவரை போனது. நாய் எழுந்து உட்கார்ந்தது. "யாரு தூக்கி எறிஞ்சா? எவ சொன்னா? அந்த விளக்கேத்துனவளா? நானாத்தான் வெளிய போனேன்! இருங்க, உள்ள வந்து உக்காருங்க, காட்டுறேன்!"

போன் வந்தது. சாட்சி சொல்லும் சாமி படம்போல அதை ஜெயசித்ராவின் மூக்குக்கு நேரே பிடித்தார். திரையின் அடியில் கடைசி வரி: 'நீங்கள் வெளியேறினீர்கள்.'

"பாத்தியளா? தூக்குனா 'நீக்கினார்'னு வரும். இது 'வெளியேறினீர்கள்'. நானா போட்டது. எவளாச்சும் கேட்டா காட்டணும்னுதான் அழிக்காம வச்சிருக்கேன்."

குரூப்பை விட்டு வெளியே வந்தவர்களுக்கு, வந்த நிமிஷத்தோடு காலம் நின்றுபோகும். அதற்கு அப்புறம் ஒன்றும் வராது. ஆனால் அதற்கு முன்னால் இருந்தது ஒன்றும் போகாது. தை மாசத்துத் திறப்பு விழா, மாலையும் சந்தனமுமாக, பாண்டிசெல்வியின் வீம்பில் கெடாமல் உட்கார்ந்திருந்தது.

ஜெயசித்ரா போனை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நேராகச் சொன்னாள்.

"அம்மா, உங்களைச் சீண்டித்தான் இதை எடுக்க வச்சேன். யாரும் அப்படிச் சொல்லல. இப்ப உண்மையச் சொல்லுதேன். அண்ணன் கம்பெனித் துணியைக் கட்டுன மூணு பொம்பளைங்களுக்குப் பிரசவத் தையல் சீழ் புடிச்சிருச்சு. ஒருத்தி பொழைக்கணும். பழி ஒரு சின்னப் பொண்ணு தலையில விழுது. மேல கொஞ்சம் தள்ளிப் பாக்க விடுவியளா? வேண்டாம்னா போயிருதோம்."

அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. பாண்டிசெல்வி போனைத் தானே பிரேம்குமார் கையில் வைத்தார்.

"பாத்துக்கோ. எங்கண்ணன் கேட்டா, யாரோ குடுத்தான்னு சொல்லாத. பாண்டிசெல்வி குடுத்தான்னு பேரச் சொல்லியே சொல்லு."

பிரேம்குமார் மேலே தள்ளினான். வாழ்த்துக்கள், கூப்பிய கைகள், பொங்கல் பானை. காலையில், முதலாளி போட்ட லிங்க். அதற்குக் கீழே சாம்பல் நிற அட்டை. அட்டையில் தடித்த எழுத்தில்: 'டெமோ, உண்மையான முடிவு அல்ல.'

"அக்கா, மாட்டுனாருக்கா!" என்று துள்ளினான். அடுத்த மெசேஜையும் வாசித்தான். யாரோ ஒரு மாப்பிள்ளை கேட்டிருந்தார்: 'என்ன மாமா, டெமோன்னு போட்டிருக்கு?' முதலாளியின் பதில்: 'செத்த நேரம் பொறுங்க மாப்ளே, எடுக்கச் சொல்லிட்டேன்.'

இதைவிட வேறென்ன வேண்டும்? அது டெமோ என்று முதலாளிக்குத் தெரியும். தெரிந்தும் மறைக்கச் சொல்லியிருக்கிறார். பிரேம்குமார் தன் போனில் படம் படமாக எடுத்துத் தள்ளினான். ஜெயசித்ரா மட்டும் கடைசிப் படத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். பார்த்தாள். 'சரி, கிளம்பு' என்றாள். அந்தச் 'சரி'யில் சந்தோஷம் இல்லை.

* * *

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையில் பாதி தூரம் வரை பிரேம்குமார்தான் பேசினான். பேப்பரில் போட்டோ வரும், போட்டோவில் தன்னை எடுத்துவிட்டு வாழைமரம் வைத்துவிடக் கூடாது, என்கிற ரீதியில். ஜெயசித்ரா ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினாள்.

"ஏலே, மூணாவது படத்த எடு. முதலாளி பதிலுக்குக் கீழ என்ன இருக்கு?"

"அதே லிங்க்கை மறுபடி போட்டிருக்காரு. மத்தியானம்."

"அட்டையில?"

அவன் பெரிதாக்கிப் பார்த்தான். 'சௌந்தரம் சர்ஜிக்கல்ஸ். தர உறுதி.' அவ்வளவுதான். டெமோ என்ற வார்த்தையைக் காணவில்லை.

"ஒரே லிங்க், ரெண்டு அட்டை. ஒண்ணு காலைல, ஒண்ணு மத்தியானம்" என்றாள் ஜெயசித்ரா. "பாண்டிசெல்வியம்மா பந்தில உக்காந்து எந்திரிக்கிறதுக்குள்ள அந்த வார்த்தை போயிருச்சு. பாஸ்வேர்டை அவிய எப்ப மாத்துனாங்கன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு?"

"மாசி கடைசில..."

"இது தை. அன்னைக்குப் பாஸ்வேர்டு யாருகிட்ட இருந்துச்சு?"

லாரி ஒன்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போனது. பிரேம்குமாருக்கு வாயில் மண் விழுந்தாற்போல இருந்தது; பாதி லாரியால், பாதி வேறு காரணத்தால்.

"கீழ இருக்கிறதை வெட்டிருவோம் அக்கா" என்றான் மெதுவாக. "காலைல போட்ட லிங்க்கும், முதலாளி பதிலும் மட்டும் தெரியுற மாதிரி. ரெண்டு செகண்டு வேலை. அதுவும் பொய் இல்லியே. உள்ளதுல பாதி."

"சீழ் புடிச்சவளுக்கும் பாதித் தையல்தான் புடிச்சிருக்கும்" என்றாள் ஜெயசித்ரா. வண்டியைக் கிளப்பினாள்.

* * *

சத்யப்பிரியா படத்தைப் பார்த்தாள். இரண்டாவது அட்டையில் அவள் கண் நின்றபோது, யாரும் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றாள். "எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல வந்து, ஒரு வார்த்தைதானம்மா, சொந்தக்காரன் கேலி பண்ணுதான், இப்ப எடுத்துரு, நாளைக்கே லேப் ரிசல்ட்டு எல்லாத்தையும் தாரேன்னாரு. எடுத்தேன். லேப்டாப்புல அப்ப மாலை கிடந்துச்சு. அதை ஒதுக்கிட்டு அடிச்சேன். பொறவு வாரா வாரம் கேட்டேன் அக்கா. சத்தியமா கேட்டேன். நாளைக்கு நாளைக்குன்னாரு."

"திருப்பிப் போட்டிருக்கலாம்லா? மாசி வரைக்கும் பாஸ்வேர்டு உங்கிட்டதான இருந்துச்சு?"

"போட்டிருக்கலாம்." வயரை மறுபடி விரலில் சுற்றினாள். "யாரு இதையெல்லாம் அடிச்சுப் பாக்கப் போறான்னு நெனச்சுட்டேன். நாங்க போடுற வெப்சைட்டுல பாதிய யாருமே பாக்க மாட்டாங்க அக்கா."

பிரேம்குமார் தன் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினான். "எத்தனை பேரு பாக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியும். பார்வைக் கணக்கு இன்னும் என் மெயில்லதான் இருக்கு. அதை மாத்த அவங்களுக்கு ஞாபகம் வரல." அவள் மெயிலுக்குள் நுழைந்தாள். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் திறந்தது. மேல் மூலையில், 'இப்போது பார்ப்பவர்கள்' என்ற இடத்தில் ஒரு எண்.

இரண்டு.

மூவரும் அந்த இரண்டையே பார்த்தார்கள். எங்கேயோ, பெயர் தெரியாத இரண்டு பேர், பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை அடித்துக்கொண்டிருந்தார்கள். பக்கம் அவர்களுக்குப் பச்சை டிக் போட்டுக்கொண்டிருந்தது.

"இன்னுமா அது ஓடுது?" ஜெயசித்ராவின் குரல் உயர்ந்தது. "ஏன் யாரும் நிறுத்தல?"

"எடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்னு அவங்க எடுக்கல. தொட்டா சாட்சியக் கலைச்சேன்னு ஆயிரும், எதையும் தொடாதன்னு எங்க வக்கீல் சொன்னாரு."

இரண்டு தரப்பும் சட்டப்படி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நடுவில் அந்தப் பக்கம் மட்டும், யார் கேட்டாலும் இல்லையென்னாமல், பாஸ் வழங்கிக்கொண்டே இருந்தது. வேறு நாளாக இருந்தால் பிரேம்குமாருக்கு இது ஒரு வாரத்துக்குத் தாங்கும் நகைச்சுவை.

"உன்னால நிறுத்த முடியுமா?"

சத்யப்பிரியா வயரைச் சுற்றுவதை நிறுத்தினாள். "பாஸ்வேர்டு அவங்ககிட்ட இருக்கு. ஆனா டொமைன், அந்த விலாசம், இன்னும் எம் பேர்லதான் இருக்கு. அந்த விலாசத்துக்கு வாரவங்கள வேற பக்கத்துக்குத் திருப்பி விடலாம்."

"செஞ்சா கேஸுக்கு நல்லதில்ல. தெரியும்ல?"

"தெரியும்."

"ஏலே பிரேமு, இப்ப உள்ள பக்கத்தை அப்படியே வீடியோ எடுத்து வை. என்ன போட்டாலும் பாஸ்னு வாரது தெரியணும். நாளைக்கு அழிச்சிட்டான்னு எவனும் சொல்லக்கூடாது."

அவன் எடுத்து முடித்ததும் சத்யப்பிரியா ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்தாள். படம் இல்லை, கலர் இல்லை. வெறும் எழுத்து.

'இந்தப் பக்கம் இதுவரை காட்டிய பாஸ் எதுவும் உண்மை இல்லை. எந்த எண்ணையும் சோதிக்காமல் பாஸ் சொல்லும்படி இதை எழுதியது நான். இந்தக் கம்பெனித் துணியைப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். ஏற்கனவே கட்டியிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சத்யப்பிரியா, கூமாப்பட்டி.'

"போன் நம்பர் வேணுமே. என் போனு ஸ்டேஷன்ல கிடக்கு."

"என் நம்பரைப் போடுங்க" என்றான் பிரேம்குமார். யோசித்துச் சொன்னதில்லை. அதனாலேயே உருப்படியாக இருந்தது.

"இதைப் போட்டா ஒத்துக்கிட்ட மாதிரிதான்" என்றாள் ஜெயசித்ரா, கடைசியாக ஒரு தடவை.

"ஒத்துக்கிட்டுத்தான் போடுறேன் அக்கா."

பொத்தானை அமுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எல்லா இடத்துக்கும் போய்ச்சேர நேரமாவும். பழைய விலாசம் அங்கங்க ஞாபகத்துல கிடக்கும். ஒவ்வொரு இடமா மறக்கணும்."

ஜெயசித்ராவும் பிரேம்குமாரும் ஆளுக்கொரு போனில் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஐந்து மணி வந்து, அது பாட்டுக்குப் போயிற்று. ஜெயசித்ராவின் போனில் முதலில் வெள்ளைப் பக்கம் வந்தது. பிரேம்குமாரின் போனில் பச்சை டிக் அப்படியே நின்றது. திரையைத் தேய்த்துத் தேய்த்துப் புதுப்பித்தான். பாஸ். மறுபடியும். பாஸ். காலையில் தன் பரீட்சை எண்ணுக்கு வந்த அதே பச்சை. இப்போது அதைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டான்.

கீழே ஒரு ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அதே நேரம் அவன் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத எண். ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ, சார்..." ஒரு பெண். பின்னால் குழந்தை ஒன்று வீறிட்டு அழுதது. "பக்கத்துல இந்த நம்பர் போட்டிருந்துச்சு. பாக்கெட்டுல உள்ள பேட்ச் நம்பர் சொல்லுதேன், பாத்துச் சொல்லுங்களேன். காலைல பாஸ்னு வந்துச்சு. இப்ப வேற என்னமோ வருது. காலைலயே நாலு பேருக்குக் கட்டியாச்சு சார். அவங்கள என்ன செய்ய?"

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் பிரேம்குமார். இதற்குச் சத்யப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தான்.

சத்யப்பிரியா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"நான்தான் சிஸ்டர் அதை எழுதுனது. மொதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க, நாலு பேரு கட்டையும் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. அந்தப் பாக்கெட்டு எந்த வார்டுக்கெல்லாம் போயிருக்கு? ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்."

மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது. ஜெயசித்ரா எழுந்து போய், கதவை மெதுவாகத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு, படியின் தலைப்பில் நின்றாள்.

"வாரா சார். ஓடிப்போக மாட்டா" என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. "செத்த நேரம் நில்லுங்க. ஆஸ்பத்திரியில பேசிக்கிட்டு இருக்கா."